கண்ணில்லாத பூச்சிக்கு இருபத்தாறு கால்

மாதிரி உருவம் செய்து கொடுக்கும் தொழிலில், ஆர்டர் கொடுப்பவர் மனதில் இருப்பது ஒன்று, அவர் வாயில் வருவது ஒன்று, நம் பட்டறையில் உருவாகி நிற்பது மூன்றாவது ஒன்று. தையல்காரர்களே, தச்சர்களே, சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே இடத்தில் அடி வாங்குகிறவர்கள்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கு இதயம், பல், சிறுநீரகம். கடை வாசலுக்கு ஐஸ்கிரீம் கோன். கோயிலுக்குக் குதிரை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்தது. அதனால் கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நேரமாகும். பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு உண்டு: "சொன்னது வரும். சொல்லாதது வராது." வருகிறவர்கள் அதைப் படித்த பிறகுதான் என்னிடம் வாயைத் திறக்க வேண்டும்.

போர்டுக்குக் கீழே ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். மூன்றடித் தவளை. அதன் முன்னங்காலில் நாலு விரல்தான் இருக்க வேண்டுமாம், நாங்கள் அஞ்சு வைத்துவிட்டோம். பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியது. அந்தச் செய்தி பரவி, ஒரு வருடம் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அந்த அஞ்சாவது விரலில் சாப்பாட்டுத் தூக்கு தொங்குகிறது. இன்னும் ஒரே ஒரு உருப்படி அப்படித் திரும்பி வந்தால், படிப்புச் சம்பந்தப்பட்ட வேலையே வேண்டாம், ஐஸ்கிரீம் கோனோடு காலத்தை ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த நேரத்தில்தான் தங்கமணி மேடம் வந்தார்.

மண்டியில் வளர்ந்தவர்

கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளி விவசாயியின் மகள். கைப்பைக்குள்ளிருந்து மருந்து பாட்டில் மாதிரி ஒன்றை எடுத்து என் மேசை மேல் வைத்தார். உள்ளே சாராய வாசனையோடு ஏதோ ஒன்று வளைந்து கிடந்தது. வறுத்த நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். ஆராய்ச்சிக் கப்பலில் போய், வெளிச்சமே எட்டாத கடலடியிலிருந்து கொண்டு வந்தாராம். இதற்கு உலகத்தில் இன்னும் பெயரே கிடையாதாம். இதன் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து எழுதி, படம் போட்டு, இது புது இனம் என்று அவர்தான் சொல்லப் போகிறாராம். கல்லூரியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறக்கிறார்கள். அங்கே வைக்க இதே பிராணி அஞ்சடி நீளத்தில் வேண்டும். திறப்பு விழாவுக்கு இந்த வம்சத்தையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு பெரியவர் வருகிறார். "அவரு ஒவ்வொண்ணா எண்ணிப் பாப்பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் திருப்பி அனுப்பிடுவேனுங்க. முன்னாடியே சொல்லிடறேன்" என்றார்.

எனக்குத் தவளையின் ஞாபகம் வந்தது. ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். இறால் மாதிரி இருந்தது. இறால் நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன், அச்சு தயாராக இருக்கிறது. இம்புட்டுக்காண்டு இருப்பதற்கு இறால் விலை சொன்னால் எனக்குத்தான் லாபம். "இந்தா பாருங்க மேடம், இறாலுக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு. எத்தன காலு இருந்தாலும் ஒரு பைசா கூடக் கேக்க மாட்டேன்" என்று தாராளமாக அடித்துவிட்டேன். அவர் போர்டை ஒருமுறை படித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான் சொன்னதை அப்படியே எழுதி, "எத்தனை கால் இருந்தாலும்" என்பதன் கீழே கோடு போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவருடைய சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்கக்கா. நான் மண்டியில வளர்ந்தவளுங்க."

தினம் ஒரு கால்

மறுநாள் போன் வந்தது. மார்புப் பகுதியில் ஏழு கண்டம், அதாவது துண்டு, கண்டத்துக்கு ஒரு சோடி, ஆக பதினாலு கால். சரி, பதினாலு. அடுத்த நாள் போன். வயிற்றுப் பகுதிக்கு அடியில் நீந்துவதற்கு என்று மூணு சோடி, ஆக ஆறு. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அதற்கு அடுத்த நாள், வால் பக்கம் உந்தித் தள்ளுவதற்கு இன்னும் மூணு சோடி. இருபத்தாறு! போனிலேயே கத்தினேன். "ஏம்மா, இது பூச்சியா, இல்ல கல்யாணத்துக்கு வந்த கூட்டமா?" அவர் நிதானமாக, "பூச்சி இல்லைங்கக்கா. இறால், நண்டுக்கெல்லாம் சொந்தமுங்க" என்றார். சொந்தமாக இருந்தால் அந்த வீட்டுக் கால்களை அந்த வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே!

காலுக்கு ஒரு ரேட்டு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும், அந்தப் பக்கம் தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. என் கையெழுத்தை எனக்கே படித்துக் காட்டினார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை அவர்கள் வாய் வார்த்தையாலேயே மடக்கியிருக்கிறேன். மடங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வாரம் போன் வரவில்லை. கால் தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். எட்டாம் நாள் மறுபடியும் மணி அடித்தது. வாய்க்குள் தாடைகளோடு சேர்ந்து இன்னும் ஒரு சோடி இருக்கிறதாம். அதுவும் முறைப்படி கால்தானாம், சாப்பாட்டைத் தள்ளிக் கொடுக்கும் கால். வாய்க்குள் இருப்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன், என் கணக்கு இருபத்தாறுதான். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வாய்க்குள்ள இருக்கறதையும் காலுன்னு சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதானுங்க."

சிக்கந்தரின் திருத்தம்

எங்கள் பட்டறையில் அச்சு எடுத்து ஃபைபர் ஊற்றுவது சிக்கந்தர். கை சுத்தமான வேலைக்காரர். ஒரே ஒரு குறை, படத்தில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றினால் கேட்காமல் திருத்திவிடுவார். இந்தப் பிராணியின் உடம்பு இரண்டு பக்கமும் அமுக்கிய மாதிரி ஒடுங்கி இருக்கும். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வந்தது போல. சிக்கந்தர் அதைக் கொஞ்சம் உப்ப வைத்து, "பசியோட இருக்குக்கா, பாவமா இருந்துச்சு" என்றார். வாலுக்கு இறால் மாதிரி ஒரு விசிறியையும் விரித்துவிட்டார். இதற்கு விசிறி வால் கிடையாது. இரண்டையும் நான் பார்த்து, கத்தி, அறுக்க வைத்தேன்.

கால்களை நான் கவனிக்கவில்லை. மேடம் பார்க்க வந்த அன்று, பதினாலு காலும் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே பக்கம் பார்த்து நின்றன. மேடம் படத்தை எடுத்து வைத்தார். முதல் நாலு சோடி முன்பக்கம் பார்க்க வேண்டும், கடைசி மூணு சோடி பின்பக்கம் பார்க்க வேண்டும். படம் அப்படித்தான் இருந்தது. சிக்கந்தர் அதை அச்சுப் பிழை என்று நினைத்திருக்கிறார். "இந்த வகைக்கே அதுதாங்க அடையாளம். கால் ரெண்டு பக்கமும் பாக்கும்" என்று மேடம் விளக்கினார். சிக்கந்தர் கையைக் கட்டிக்கொண்டு பிராணியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் குனிந்து பார்த்தார், பின்னால் குனிந்து பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"மேடம், அப்ப இது போகுதா, வருதா?"

மூணு ஆகாது

இந்தத் தப்பு என்னுடையது. யார் தலையிலும் போட மாட்டேன்.

வால் நுனியில் நாக்கு மாதிரி ஒரு சின்ன மடல். நடுவில் பிளந்திருக்கும். பிளவுக்கு இந்தப் பக்கம் மூணு முள், அந்தப் பக்கம் மூணு முள். படத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது எதையாவது மூணாகக் கொடுப்போமா? வீட்டுக்கு வந்தவர் இலையில் மூணு இட்லியோடு நிறுத்துவோமா? முதல் முதலாக ஒரு கல்லூரிக்குப் போகிற உருப்படி, மூணோடு போகக் கூடாது. பக்கத்துக்கு ஒன்று கூட்டி நாலு நாலாக வைக்கச் சொன்னேன். கூடுதலாகத்தானே கொடுக்கிறோம், யார் சண்டைக்கு வருவார்கள்?

மேடம் வந்தார். பெரிய உறுப்பு எதையும் பார்க்கவில்லை. நேராக வாலுக்குப் போய், குனிந்து, பேன் பார்ப்பது போல விரலால் எண்ணினார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாலு முள் இருப்பது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த பழைய இனமாம். கண்ணில்லாத தலையும் இந்த மூணு முள்ளும் சேர்ந்துதான் இதைப் புது இனம் ஆக்குகிறதாம். நான் விடுவேனா? "ஒரு முள்ளு கூடவா குறைச்சலா, யாருக்குத் தெரியப் போகுது?" என்று குரலை உயர்த்தினேன். "எனக்குத் தெரியுமுங்க. இப்ப உங்களுக்கும் தெரியும்" என்றார்.  குறடை எடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாக நானே பிடுங்கிப் போட்டேன். பிடுங்கும்போது, மூணு ஆகாதென்ற எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, அந்த மூணுக்காகத்தானுங்க நான் கப்பல்ல கிடந்து அத்தன நாளு வாந்தி எடுத்தேன்."

பிள்ளைத்தாய்ச்சி

வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு இன்னொரு சேதி. நாங்கள் செய்வது பெண்ணாம். கால்களின் அடியில் இலை மாதிரி சின்னச் சின்ன தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று மூடி, ஒரு பை மாதிரி இருக்கும். முட்டை அதற்குள்ளேயே பொரித்து, குட்டிகள் தாயைப் போலவே முழு உருவத்தோடு வெளியே வரும். பாட்டிலில் இருப்பதன் பைக்குள் குட்டிகள் இருப்பதை மேடம் இப்போதுதான் பார்த்தாராம். நம் பைக்குள்ளும் பன்னிரண்டு குட்டி வேண்டும், தகட்டை விலக்கினால் தெரிய வேண்டும் என்றார். பன்னிரண்டு குட்டி, குட்டிக்கு இருபத்தாறு கால்! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். காலுக்குத்தான் கையெழுத்து, குட்டிக்கு இல்லை என்று எழுந்தேன்.

ஆனால் அந்தச் சேதி கேட்டதிலிருந்து பட்டறையின் போக்கே மாறிவிட்டது. எங்கள் பெயிண்டர் கருப்பையா அண்ணன், அறுபதைத் தாண்டியவர், முதல் வேலையாகப் பிராணியை வெயில் படாத மூலைக்கு நகர்த்தினார். சிக்கந்தர் அதன் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டுவதை நிறுத்தினார். யாரோ ஒரு நாள் அதன் முன்னங்கைக் கொடுக்கில் கண்ணாடி வளையல் மாட்டியிருந்தார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நான் மேடத்துக்குப் போன் போட்டு, குட்டிக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தபோது, கருப்பையா அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் போனைக் கட் செய்தேன்.

"பிள்ளத்தாச்சிய முன்னால நிறுத்தி வச்சுக்கிட்டு ரேட்டு பேசுறியே, தாயி."

பிரியாணிக் கடைக்காரரின் ஆசை

பிராணியை மூடாமல் வைத்திருந்தது என் தப்பு. ரோட்டில் போன ஒரு பிரியாணிக் கடைக்காரர் காரை நிறுத்தி உள்ளே வந்தார். புதுக் கிளையில் கடல் உணவும் போடப் போகிறாராம். வாசலில் வைக்க இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினாராம். நான் விலை சொல்லவில்லை. அவரே சொன்னார். மேடம் தருவதைப் போல ஒரு மடங்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்றரை என்றார். இருமினேன். இரண்டு மடங்குக்கு வந்தார். விற்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தர் தானாக ஏறிக்கொண்டே போகும்போது நடுவில் தடுப்பது தொழில் தர்மமா? இரண்டரை வரைக்கும் போகவிட்டேன்.

அப்புறம்தான், இது ஒரு மேடத்துக்கு வாக்குக் கொடுத்தது என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப எதுக்குக்கா செத்த நேரமா இருமிக்கிட்டே இருந்தீங்க?" என்று சத்தம் போட்டார். நானும் சத்தம் போட்டேன். இரண்டு பேரும் நன்றாகச் சத்தம் போட்டு முடித்து டீ குடித்தோம். போகும்போது பிராணியை ஆசையாக ஒருமுறை தடவிப் பார்த்தார். வழவழவென்று வெள்ளையாக இருந்த அதன் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினார்.

"இதே மாதிரி எனக்கு ஒண்ணு செய்யுங்க. காலு கம்மியா இருந்தாலும் பரவால்ல, கண்ணு மட்டும் பெருசா வையுங்க."

கருப்பையா அண்ணனின் சத்தியம்

கண் என்பது எங்கள் பட்டறையில் சாதாரண விஷயமில்லை. எந்த உருவமாக இருந்தாலும், வெளியே போகிற அன்று காலையில் சூடம் கொளுத்தி, கருப்பையா அண்ணன் கண் எழுதுவார். கருப்பு விளிம்பு, கருவிழி, அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, ஓரத்தில் துளி சிவப்பு. பொட்டு விழுந்ததும் எல்லாரும் கை தட்டுவோம். டீ, வடை. அதன் பிறகுதான் உருப்படி வண்டி ஏறும். தவளைக்கும் அப்படித்தான் எழுதினார். ஐஸ்கிரீம் கோனுக்குக்கூட ஒரு முறை எழுதிவிட்டார். கடைக்காரர் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று விட்டுவிட்டார்.

இந்தப் பிராணிக்கோ கண் கிடையாது. நிறமும் வெறும் வெள்ளை. மேடத்தின் பட்டியலில் முதல் வரியே, "தலையில் கண் வைக்கவே கூடாது." இரண்டு கோடு போட்டிருந்தார். வெள்ளையடித்து முடித்ததும் கருப்பையா அண்ணன், "பிரைமர் காஞ்சிருச்சு, பெயிண்டு எப்ப?" என்றார். இதுதான் பெயிண்ட், கண்ணும் இல்லை என்று நான் சொன்னதும் அவர் பிரஷ்ஷைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அன்று முழுக்கப் பெட்டி திறக்கவில்லை. மறுநாள் கத்தினேன். அதற்கும் திறக்கவில்லை. கடைசியில் தவளையைக் காட்டினேன். "அண்ணே, இதுவும் திரும்பி வந்துச்சுன்னா பட்டறைக்கு இனிமே கோனுதான். நீங்க சாகுற வரைக்கும் கோனுக்குத்தான் கண்ணு எழுதணும். சத்தியம் பண்ணுங்க." அவர் பிரஷ் பெட்டி மேல் கை வைத்தார்.

"இந்தத் தலையில நான் கண்ணு வைக்க மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். நிம்மதியாகவும் இருந்தது. குட்டிகளுக்கு வெள்ளையடித்து, பைக்குள் ஒட்டி, தகட்டை மூடுகிற வேலையைத் தானே செய்வதாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டபோது, கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மீசையில் சிவப்புத் துணி

பிராணிக்கு முன்னால் இரண்டு சோடி உணர்கொம்பு உண்டு. பட்டறையில் மீசை என்போம். மேல் மீசையில் ஒரு குட்டி மீசை கிளைவிட்டிருக்கும். அதையும் எண்ணுவார்களாம். மீசை மடங்காது. குட்டியானை வண்டியில் ஏற்றியபோது பின்பக்கம் முழக்கணக்கில் நீட்டிக்கொண்டு நின்றது. ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில், எந்த ஹோட்டல், திறப்பு விழா என்றைக்கு, முதல் நாள் பிரியாணி இனாமா என்று கேட்டுவிட்டார்கள். கொடைரோடு பக்கம் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். இறங்கி விளக்கினேன். ஆழ்கடல் சார், அங்கே ஒரே இருட்டு சார், அதனால் கண்ணே கிடையாது சார். அவர் பின்னால் போய் மீசையைப் பார்த்தார், முன்னால் வந்து என்னைப் பார்த்தார்.

"கண்ணு தெரியாத ஆள இப்படியா ஹைவேல கூட்டிட்டுப் போவீங்க? மீசையில ஒரு செகப்புத் துணியாச்சும் கட்டி விடுங்கம்மா."

டார்ச் வெளிச்சத்தில்

கல்லூரி அறையின் நடுவில் மேடை. அதன் மேல் எங்கள் பிராணி. துணிக்கு வெளியே எதுவும் தெரியாமல் மூடி வைத்திருந்தோம். நான் ஒரு பக்கம், சிக்கந்தர் ஒரு பக்கம், கருப்பையா அண்ணன் வெளுத்த வேட்டியில் சுவரோரம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் டீச்சர்களும்தான். அதாவது, நாளைக்கு எனக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியவர்கள்.

பெரியவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் பூதக்கண்ணாடி. யாரிடமும் பேசவில்லை. துணியை எடுத்ததும் முகத்திலிருந்து தொடங்கினார். தலையை இரண்டு பக்கமும் தடவினார். கண் இல்லை. "சரி." குட்டி மீசை. "சரி." ஒவ்வொரு காலுக்கும் ஒரு "சரி."  வால் மடலில் மூணு முள், மூணு முள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "சரி" என்று சொல்லிவிட்டு மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். மேடத்தின் கண் கலங்கிவிட்டது. நான் சிக்கந்தரின் தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மேடம், "குட்டிகளும் இருக்குதுங்க ஐயா" என்று தகட்டை விலக்கி, டார்ச் அடித்தார்.

பைக்குள்ளிருந்து இருபத்து நாலு கண்கள் எங்களைப் பார்த்தன.

கருப்பு விளிம்பு, கருவிழி, வெள்ளைப் பொட்டு, ஓரத்தில் துளி சிவப்பு. வார்னிஷ் வேறு. டார்ச் ஆட ஆட அத்தனை கண்ணும் பளபளவென்று உருண்டன. பிள்ளைகள் "ஏய்!" என்று ஒரே கூச்சல். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் நிமிரவில்லை. மேடம் என் பக்கம் திரும்பினார். "என்ன இது?" என்றார். அவர் வாயில் "ங்க" இல்லாமல் ஒரு சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் கருப்பையா அண்ணன் பக்கம் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்துச் சிக்கந்தரே இரண்டடி தள்ளி நின்றார். அண்ணன் மட்டும் அசையவில்லை.

"தாய்க்குத்தான் கண்ணு வேண்டாம்னீங்க. பிள்ளைகளப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே. நம்ம போர்டுல என்ன தாயி எழுதியிருக்கு?"

குட்டிகள் ஊர் திரும்பியது

அவர் சொன்னது நியாயம். பட்டியல் என் கைப்பையில் இருந்தது. "தலையில் கண்" என்றுதான் இருந்தது, குட்டி என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. இதைவிட நூலிழை மெலிதான நியாயத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரை நான் வாயடைத்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். மேடம் எந்த மூணு முள்ளுக்காகக் கப்பலில் வாந்தி எடுத்தாரோ அது எதிரே நின்றது. "தப்பு எங்க மேலதான் மேடம். வண்டியத் திருப்புறோம்" என்றேன். பட்டறை மூலையில் தவளைக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று மனசு அளக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் பெரியவர் பைக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "இருபத்து நாலு. இதிலயும் எண்ணிக்கை சரியா இருக்கு" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் பூதக்கண்ணாடி கையில் ஆடியது. மேடம் அவரைப் பார்த்தார், கருப்பையா அண்ணனைப் பார்த்தார், இன்னும் எட்டிப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தார். "தாய் இருக்கட்டுங்க. குட்டிகளை மட்டும் இப்பவே எடுங்க. கண்ணில்லாம வேற செஞ்சு குடுங்க" என்றார். "ங்க" திரும்பி வந்ததைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. சிக்கந்தர் குறடால் ஒவ்வொன்றாக எடுக்க, கருப்பையா அண்ணன் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். அன்றைய விழா முழுக்கப் பை காலியாக இருந்தது. கேட்டவர்களிடம் மேடம், குட்டிகள் வெளியே போயிருக்கின்றன என்று சொல்லிச் சமாளித்தார்.

வெள்ளைக் குட்டிகள் பன்னிரண்டும் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தன. நானே ஒட்டினேன். ஒவ்வொரு தலையையும் டார்ச் அடித்துப் பார்த்து ஒட்டினேன். அன்று வந்திருந்த டீச்சர்களில் ஒருவர் மண்புழு கேட்டு வந்தார், கால் இல்லாத உருப்படி என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். கண் வைத்த குட்டிகள் தவளையின் முதுகில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. போன வாரம் மேடம் போன் செய்தார். அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகள் வந்ததும் வராததுமாக, கண்ணு வைத்த குட்டி எங்கே என்று கேட்கிறார்களாம். அங்கே வைக்க முடியாது, அறிவியலுக்கு ஒவ்வாது. அவர் வீட்டு மேசைக்கு ஒன்று கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கா தெரியாது? தானாக ஏறி வருகிற கிராக்கி. நான் இரும ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் தாள் சரசரத்தது.

"ஏனுங்கக்கா, எத்தனை கால் இருந்தாலும் ஒரு பைசா கூடக் கேக்க மாட்டேன்னு எழுதியிருக்குதுங்களே. இது தாய்க்கு மட்டும்னு எங்கீங்க இருக்குது?"

ஆகவே, ஆர்டர் எடுத்துப் பிழைக்கும் சக பாவிகளே, கால்களை எண்ணுங்கள், முட்களை எண்ணுங்கள், ஆனால் சுவரில் போர்டு மாட்டுவதற்கு முன்னால் அதை உங்கள் பெயிண்டரும் படிப்பார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.